உப்பு வயலில் உரம் என்ன செய்யும்?

மார்கழிக் கடைசியில் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் சம்பா வயல்களின் வரப்பில் நடந்து பாருங்கள். ஒரே வயலுக்குள் மூன்று விதமாகப் பயிர் நிற்கும். மடைக்குப் பக்கத்தில் இடுப்பளவு வளர்ந்து கதிர் தள்ளியிருக்கும். சற்றுத் தள்ளி முழங்கால் உயரம். நடுவே லேசாக மேடு தட்டிய இடத்தில் தூர் கட்டாமல் குட்டை பிடித்து, இலை நுனி வெளுத்து, அடி இலைகள் துரு நிறத்தில் சுருண்டு கிடக்கும். "மூணு தடவ மேலுரம் போட்டாச்சு சார், இந்த எடம் மட்டும் எழும்ப மாட்டேங்குது" என்பார் வயல்காரர். அடுத்து அவர் போவது உரக்கடைக்கு. யூரியாவோடு அரை மூட்டை பொட்டாஷும் சேர்த்துப் போடச் சொல்வார்கள். போடுவார். பயிர் அப்படியேதான் நிற்கும்.

அந்தப் பயிர் சத்தில்லாமல் வாடுவது உண்மைதான். இலையை ஆய்வகத்துக்கு அனுப்பினால் சாம்பல்சத்து குறைவு, சுண்ணாம்புச்சத்து குறைவு, பல நேரம் துத்தநாகமும் குறைவு என்றே முடிவு வரும். ஆனால், கடலோரக் களிமண்ணில் சாம்பல்சத்துக்குப் பெரிய பஞ்சம் கிடையாது. மண்ணில் இருப்பதை எடுக்க வேரால் முடியவில்லை. எடுக்கவிடாமல் தடுப்பது உப்பு. இந்த நிலையில் மேலும் மேலும் உரம் கொட்டுவது பணத்தை வீணடிப்பது மட்டுமல்ல, வேரைச் சுற்றியுள்ள உப்பை இன்னும் கூட்டுவதும் ஆகும். உப்பு நிலத்துக்கு முதல் உரம் வடிகால்தான் என்பதை நம் வேளாண் துறையும் நீர்வளத் துறையும் ஏற்றுச் செயல்பட்டால் கடைமடை விவசாயியின் செலவு பாதியிலேயே நிற்கும்.

உப்பை மண்ணின் மின் கடத்துதிறனை வைத்து அளக்கிறோம். அளவு, மீட்டருக்கு இத்தனை டெசிசைமன்ஸ் என்பது. கடல்நீர் ஏறக்குறைய 50. நல்ல பாசனத் தண்ணீர் 1-க்குள் இருக்கும். அமெரிக்காவின் ரிவர்சைடில் உள்ள உப்பு ஆய்வகத்தைச் சேர்ந்த மாஸ், ஹாஃப்மன் இருவரும் எந்தப் பயிர் எவ்வளவு உப்பு வரை தாங்கும், அதற்கு மேல் போனால் விளைச்சல் எவ்வளவு குறையும் என்று 1977-ல் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். இன்றும் உலகம் முழுவதும் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறோம். அதன்படி நெல் 3 வரை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் 12 சதவீதம் விளைச்சல் போகும். மண்ணில் 6 என்று காட்டினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். பருத்தி 7.7 வரையும் பார்லி 8 வரையும் நின்று பிடிக்கும். வெங்காயம் 1.2-லேயே சரியத் தொடங்கிவிடும். நிலக்கடலையின் கதை வேறு. 3.2 வரை ஒன்றும் தெரியாது, தாண்டினால் ஒவ்வொரு அலகுக்கும் 29 சதவீதம் சரியும். 5-ஐத் தொடும்போது பாதி விளைச்சல் போயிருக்கும். மணற்பாங்கான கடலோரத்தில் கடலை போடுகிறவர்கள் இந்த ஓர் எண்ணை மனதில் வைத்திருக்க வேண்டும்.

உப்பு பயிரை இரண்டு கட்டமாகத் தாக்குகிறது. ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரானா மன்ஸ் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். முதல் கட்டத்தில் அடிபடுவது தண்ணீர். வேருக்கு வெளியே உப்பு கூடக் கூட, தண்ணீரை உள்ளே இழுக்கச் செடி கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கிறது. வயலில் கெண்டைக்கால் அளவு தண்ணீர் நின்றாலும் பயிருக்கு வறட்சிதான். இலை விரிவது சில நிமிடங்களிலேயே மட்டுப்படும். தூர் வெடிப்பது குறையும். இலைத்துளைகள் பாதி மூடிக்கொள்ளும். மண் காயக் காய நிலைமை மோசமாகும். மண்ணில் உள்ள ஈரம் பாதியானால், மிச்சமிருக்கும் நீரில் உப்பின் செறிவு இரட்டிப்பாகும். 'காய்ச்சலும் பாய்ச்சலுமாக' நீர் கட்டுவது நல்ல நிலத்துக்கு நல்ல யோசனை. உவர் நிலத்தில் காய்ச்சலை நீட்டினால் பயிர் கருகும்.

இரண்டாம் கட்டம் மெதுவாக வரும். நாள்தோறும் வேர்வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் சோடியமும் குளோரைடும் பழைய இலைகளில் போய்ச் சேர்கின்றன. இலையில் இருந்து தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். அதனால்தான் அடி இலை முதலில் சாகிறது. புது இலை வரும் வேகத்தைவிடப் பழைய இலை சாகும் வேகம் கூடிவிட்டால் கதிருக்கு அனுப்ப மாவுச்சத்து இருக்காது. பூக்கும் சமயத்தில் இது நேர்ந்தால் அறுவடையில் கருக்காய்தான் மிஞ்சும்.

உரத்தின் கதை இந்த இரண்டாம் கட்டத்தில்தான் சிக்கலாகிறது. சோடியமும் பொட்டாசியமும் ஒரே மின்சுமை கொண்டவை, ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்பவை. வேர்ச் செல்களில் பொட்டாசியம் நுழையும் வழிகள் சிலவற்றால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. மண்நீரில் பொட்டாசியத்தைப்போலப் பல மடங்கு சோடியம் இருக்கும்போது உள்ளே போவது பெரும்பாலும் சோடியம்தான். உள்ளே போன பிறகு அது பொட்டாசியத்தின் வேலையைச் செய்யுமா என்றால், செய்யாது. செடிக்குள் 50-க்கும் மேற்பட்ட நொதிகள் பொட்டாசியம் இருந்தால்தான் இயங்கும். புரதம் கட்டவும் அதுதான் வேண்டும். அந்த இடத்தில் சோடியம் போய் உட்கார்ந்தால் வேலை நின்றுவிடும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சோடியம் திடீரென்று நுழையும்போது செல்லின் சவ்வில் உள்ள மின் அழுத்தம் சரிகிறது. உடனே, பொட்டாசியம் வெளியேறும் வழிகள் திறந்துகொள்கின்றன. செடி ஏற்கெனவே பாடுபட்டுச் சேர்த்து வைத்திருந்த பொட்டாசியமும் வேர்வழியே மண்ணுக்குக் கசிந்துவிடுகிறது. ஆய்வகத்தில் நாற்றின் வேரை உப்புக் கரைசலில் வைத்த சில நிமிடங்களில் இந்தக் கசிவை அளக்க முடியும். உப்பைத் தாங்கும் ரகம் எது, தாங்காத ரகம் எது என்பதைக்கூட இந்தக் கசிவின் அளவை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம்.

இப்படிப்பட்ட பயிருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? நம் கடைகளில் பொட்டாஷ் என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் பாதியை நெருங்கும் அளவு குளோரைடுதான். உரங்கள் கரையும்போது மண்நீரின் உப்புத்தன்மையை எவ்வளவு கூட்டுகின்றன என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்துக்கொண்டால் பொட்டாசியம் குளோரைடு 116, யூரியா 75, பொட்டாசியம் சல்பேட் 46. ஏற்கெனவே உப்பால் திணறும் வேருக்குப் பக்கத்தில், அதுவும் ஈரம் குறைந்த நேரத்தில், 116 உள்ள உரத்தைத் தூவுகிறோம். சாம்பல்சத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உப்பு நடுத்தரமாக இருக்கும் வயலில், மழை பெய்து உப்பு கீழே இறங்கிய பிறகு, சிறு சிறு பங்காகக் கொடுத்தால் சோடியத்தை எதிர்த்து நிற்க அது உதவும். காய்கறி, புகையிலை போன்றவற்றுக்குப் பொட்டாசியம் சல்பேட் நல்லது. நான் மறுப்பது, இலை கருகியதும் காரணம் கேட்காமல் கொட்டும் அந்த அரை மூட்டையைத்தான்.

தழைச்சத்துக்கும் இதே கதி. வயல்வெளிப் புன்செய்ப் பயிர்கள் தழைச்சத்தை முக்கியமாக நைட்ரேட்டாக எடுக்கின்றன. குளோரைடு மிகுந்தால் நைட்ரேட்டுக்கு வழி அடைபடும். மண்ணில் யூரியாவைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களும் உப்பில் சோர்ந்துவிடும். கார அமிலத்தன்மை 8.5-ஐத் தாண்டிய களர் நிலத்தில் யூரியாவின் கணிசமான பங்கு அம்மோனியா வாயுவாகக் காற்றில் போய்விடுகிறது. களர் நிலத்துக்குத் தழைச்சத்தை 25 சதவீதம் கூட்டிப் போடுங்கள் என்று பரிந்துரை இருப்பது இந்த இழப்பை ஈடுகட்டத்தான். ஒரே தடவையில் கொட்டினால் அந்த 25 சதவீதமும் ஆவியாகத்தான் போகும். பிரித்துப் பிரித்துப் போட வேண்டும் என்ற பாதி, கடையைத் தாண்டி வயல்வரை வந்து சேர்வதில்லை.

சுண்ணாம்புச்சத்து பற்றிப் பலரும் கவனிப்பதே இல்லை. செல் சவ்வைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பது கால்சியம். சோடியம் அதை இடம்பெயர்த்ததும் சவ்வு ஓட்டையாகிறது. எது உள்ளே வரலாம், எது வரக் கூடாது என்ற கட்டுப்பாடே போய்விடுகிறது. உப்புத் தண்ணீர் பாயும் தோட்டத்தில் தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பூசணநோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் பலர். காய்க்குப் போய்ச் சேர வேண்டிய கால்சியம் போய்ச் சேராததன் விளைவு அது. துத்தநாகத்திலும் இப்படித்தான் நோயென்று ஏமாந்திருக்கிறோம். வட இந்தியத் தராய்ப் பகுதியில் நெல் இலைகள் துரு நிறமாகி வாடியதற்குக் காரணம் துத்தநாகப் பற்றாக்குறை என்று பந்த்நகரில் நேனே 1966-ல் கண்டு சொன்னார். நம் களர் நிலங்களிலும் மண்ணில் துத்தநாகம் இருந்தும், காரத்தன்மையால் அது கரையாமல் கிடக்கிறது.

டெல்டாவின் உளுந்து, பயறுக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் பேசப்படாத இழப்பு அங்கேதான் நடக்கிறது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்து விதைப்பது இங்கே தலைமுறை தலைமுறையாக வரும் முறை. தண்ணீர் பாய்ச்சுவதில்லை, மிச்ச ஈரத்திலும் பனியிலும் விளைந்துவிடும். செலவில்லாத பயிர், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கிற பயிர். ஆனால், அது வளரும் மாசி, பங்குனிதான் மண் காய்ந்து, அடியில் உள்ள உப்பு நீர் நுண்துளைகள் வழியே மேலேறும் காலம். நெல் சமாளித்த வயலில்கூட உளுந்து தோற்றுப்போகும். பயறு வகைகள் உப்பை நெல் அளவுக்குக்கூடத் தாங்காதவை. அதோடு, வேர்முடிச்சு உண்டாக ரைசோபியம் பாக்டீரியா வேர்த்தூவிக்குள் நுழைய வேண்டும். உப்பில் வேர்த்தூவி சரியாக வளைவதில்லை, முடிச்சு பிடிப்பதில்லை. இந்த வயலில் உளுந்துச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் பக்கவேர்களில் இளஞ்சிவப்பு முடிச்சுகளுக்குப் பதில் வெறும் பழுப்பு நூல்தான் இருக்கும். காற்றிலிருந்து இலவசமாக வர வேண்டிய தழைச்சத்து வரவில்லை. அதன் மேல் இலைவழியாக டிஏபி கரைசல் தெளித்தால் கொஞ்சம் பச்சை தெரியும், காய் பிடிக்காது.

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது? மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். மேலே ஆற்றில் நீரோட்டம் குறைந்ததும், கடைமடை வடிகால்களில் கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் உள்ளே வருகிறது. கடைமடையில் பல இடங்களில் வடிகாலும் பாசன வாய்க்காலும் ஒன்றுதான். மேல்மடை வயல் வடித்துவிட்டதைத்தான் கீழ்மடை பாய்ச்சுகிறது. இது மேலிருந்து வருவது. கீழிருந்து வருவதற்கு நாமே காரணம். கடலோரத்தில் நிலத்தடி நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். இது கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இரு ஐரோப்பியர்கள் சொன்ன கணக்கு. திருப்பிப் பாருங்கள். நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் உப்பு 40 மீட்டர் மேலே வரும். அதனால்தான் நேற்றுவரை நன்றாக இருந்த போர்த் தண்ணீர் ஒரே கோடையில் கரித்துவிடுகிறது.

கரிக்கும் தண்ணீர் என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போடலாம். போர்த் தண்ணீரின் மின் கடத்துதிறன் 2 என்றால், வாயில் வைத்தால் பலருக்கு லேசாகத்தான் தெரியும். லிட்டருக்கு 1.3 கிராம் உப்பு அதில் இருக்கிறது. ஒரு ஏக்கருக்கு ஒரு போகத்தில் அரை மீட்டர் உயரத்துக்கு அதை இறைத்துப் பாய்ச்சினால் 20 லட்சம் லிட்டர். அதில் வயலில் இறங்கும் உப்பு இரண்டரை டன். 50 கிலோ மூட்டையாகக் கட்டினால் 50 மூட்டை. ஏக்கருக்கு இரண்டு மூன்று மூட்டை உரம் போடுகிற நாம், கண்ணுக்குத் தெரியாமல் 50 மூட்டை உப்பும் போட்டுக்கொண்டிருக்கிறோம். வடிந்து வெளியே போக வழி இல்லையென்றால் அத்தனையும் வேருக்கடியில்தான் இருக்கும்.

வழி இருந்தால் என்ன நடக்கும் என்பதை நாகை மாவட்டமே காட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் புகுந்த வயல்கள் இனி ஆண்டுக்கணக்கில் விளையாது என்று அன்று பேசாதவர் இல்லை. வரப்பைக் கட்டி, மழைநீரைத் தேக்கி, கலக்கி வடித்தார்கள், ஜிப்சம் போட்டார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தது. மணற்பாங்கான நிலங்களும், நீர் வடியும் நிலங்களும் ஒன்றிரண்டு போகத்தில் மீண்டும் விளைந்தன. வடிகால் தூர்ந்துபோன பள்ளக்கால் வயல்கள்தான் வெகுகாலம் முடங்கின. இரண்டு வயலிலும் ஏறியது ஒரே கடல். வேறுபாடு வடிகாலில் இருந்தது.

மண்ணியலில் பழைய விதி ஒன்று உண்டு. ஓர் அடி ஆழ மண்ணில் இருக்கும் உப்பில் 80 சதவீதத்தை அகற்ற, ஏறக்குறைய ஓர் அடி உயரத் தண்ணீர் அந்த மண் வழியே இறங்கி வெளியேற வேண்டும். நாகை மாவட்டத்தில் ஆண்டுக்கு 1,300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். அதாவது நாலடிக்கு மேல். உப்பைக் கழுவத் தேவையான நல்ல தண்ணீரை வானமே தந்துவிடுகிறது. அந்த மழை வயலில் தேங்கி, பயிரை அழுகவைத்து, பின் அங்கேயே ஆவியாகிறது. காட்டாமணக்கும் வெங்காயத்தாமரையும் மண்டிய வடிகால்தான் காரணம்.

கேரளத்தில் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் கடலோரத்துப் பொக்காளி விவசாயிகளிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். கடல்நீர் ஏறி இறங்கும் வயல் அது. கோடையில் வயலை வடியவிட்டு, காய்ந்த மண்ணைச் சிறு சிறு மேடுகளாகக் கூட்டி வைக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை அந்த மேடுகளின் மேல் பெய்து, உப்பைக் கழுவிக் கீழே இறக்குகிறது. மதகைத் திறந்து வடித்துவிடுகிறார்கள். முளைகட்டிய விதையை மேட்டின் தலையில் தூவுகிறார்கள். நாற்றுப் பருவம்தான் நெல்லுக்கு உப்பு அதிகம் சுடும் பருவம். அந்தப் பருவம் முழுவதையும் நாற்று, வயலிலேயே உப்பு குறைந்த இடத்தில் கழிக்கிறது. பிறகு மண்வெட்டியால் மேட்டைக் கொத்தி, மண்ணும் நாற்றுமாக வயலில் பரப்புகிறார்கள். அறுவடை முடிந்ததும் அதே வயலில் இறால். ரசாயன உரம் இல்லை. உப்பு ஏறும் காலம் எது, இறங்கும் காலம் எது என்று பார்த்து, இறங்கும் காலத்துக்குள் பயிரைப் பொருத்திவிட்டார்கள்.

பொக்காளி நெல்லுக்குள்ளும் ஒரு திறமை இருக்கிறது. அதன் முதல் குரோமோசோமில் உள்ள ஒரு பகுதியை 'சால்டால்' என்று பெயரிட்டு உலகெங்கும் நெல் ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். வங்காளத்து நோனா போக்ரா ரகத்தில் இதே குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவை 2005-ல் சீன விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். இலைக்குப் போகும் வழியிலேயே சோடியத்தை மறித்து வேர்ப்பகுதிக்குத் திருப்புவது அதன் வேலை. பொட்டாசியம் மட்டும் மேலே போகும். நம்மிடம் குழியடிச்சான், களர்பாலை போன்ற கடலோர ரகங்கள் உண்டு. திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் களர் மண்ணிலேயே அமைந்திருக்கும் வேளாண் கல்லூரி, திருச்சி 1 தொடங்கிப் பல ரகங்களைத் தந்திருக்கிறது. இவை வேண்டும். ஆனால், தாங்கும் ரகம் என்றால் உப்பைத் தின்று தீர்க்கும் ரகம் என்று பொருள் இல்லை. அறுவடையில் நெல் எடுத்துச் செல்லும் உப்பு மிகச் சொற்பம். ரகம் நமக்குச் சில ஆண்டு அவகாசம் தரும். அந்த அவகாசத்தில் வடிகாலைச் சரிசெய்யாவிட்டால் ரகமும் ஒருநாள் கைவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். கோடையில் மேலே வெள்ளையாகப் பூத்து, நடந்தால் பொருபொருவென்று இருப்பது உவர் நிலம். அதற்குக் கழுவி வடிப்பதுதான் வைத்தியம். காய்ந்தால் கல்லாக இறுகி, மழையில் கலங்கல் நீர் நாட்கணக்கில் இறங்காமல் நிற்பது களர் நிலம். அங்கே களித்துகளில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜிப்சத்தில் உள்ள கால்சியத்தால் அதைப் பெயர்த்த பிறகுதான் கழுவ முடியும். நாட்டில் உப்பு பாதித்த நிலம் 67 லட்சம் ஹெக்டேர் என்பது கர்னாலில் உள்ள மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு. தமிழகத்தின் பங்கு மூன்றரை லட்சம் ஹெக்டேருக்கு மேல். அதில் பெரும்பகுதி உள்மாவட்டக் களர் நிலம். கடலோர உவர் பரப்பில் சிறிதுதான். சிறிது என்பதாலேயே கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. உவர் நிலத்துக்கு ஜிப்சமும் களர் நிலத்துக்கு வெறும் தண்ணீரும் என்று மாற்றிக் கொடுத்தால் இரண்டுமே வீண். ஜிப்சம் போட்டு வடிக்காமல் விட்டாலும் வீண்தான். பெயர்ந்த சோடியம் போவதற்கு இடம் வேண்டுமல்லவா?

எந்த நிலம் எது என்று அறிய அரசிடம் கருவி இல்லாமல் இல்லை. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கின்றன. கார அமிலத்தன்மையும் மின் கடத்துதிறனும் அவற்றில் சேர்ந்தவை. கடலோரத்தில் அந்த இரண்டு வரிகள்தான் முதலில் படிக்கப்பட வேண்டியவை. படிக்கப்படுவதோ தழை, மணி, சாம்பல் மூன்றும், அதற்கு எத்தனை மூட்டை என்பதும். இதில் இரண்டு கோளாறுகளைத் திருத்தியாக வேண்டும். பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்ற கட்டத்தில் மண் எடுக்கிறார்கள். ஆறு ஏக்கருக்கு ஒரு மாதிரி. உப்போ கால் ஏக்கர், அரை ஏக்கர் திட்டுகளில் வருவது. நல்ல மண்ணோடு கலந்து சராசரி எடுத்ததும் திட்டு மறைந்துவிடுகிறது. அடுத்தது, நம் ஆய்வகங்கள் மண்ணோடு இரண்டு, இரண்டரை மடங்கு தண்ணீர் கலந்து அளக்கின்றன. நெல்லுக்கு 3 என்று மேலே சொன்ன எல்லை, மண் நிறையும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு வடித்தெடுத்த சாற்றுக்கானது. அட்டையில் 1 என்று இருந்தால் உண்மையில் வேர் சந்திப்பது அதைப்போலப் பல மடங்கு. 'சாதாரணம்' என்று அச்சிட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கருகிய பயிரைப் பார்த்து நிற்கிறவருக்கு யாராவது இதை விளக்கியிருக்க வேண்டும்.

கடைமடையில் கடல்நீரை மறிக்கும் தடுப்புக் கதவுகளும் வடிகாலும் ஒன்றாகத் திட்டமிடப்பட வேண்டும். வெண்ணாற்றுப் படுகையில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு போன்றவற்றைச் சீரமைக்கும் வேலை நடந்திருக்கிறது. ஆற்றின் கரையைப் பலப்படுத்துவது அவசியம்; ஆனால் அதிலிருந்து வயல்வரை போகும் 'சி', 'டி' வாய்க்கால்களும் கிராம வடிகால்களும் அடைந்தே கிடந்தால் உப்புக்கு வெளியேற வழியில்லை. இறால் பண்ணைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் 2005-ல் வந்த சட்டம் பண்ணைகளை ஒழுங்குபடுத்தத் தனி ஆணையத்தை அமைத்தது. குட்டைக்கு இறைத்த உப்புநீர் பக்கத்து வயலுக்குக் கசிகிறதா என்று அளந்து பார்க்கும் பொறுப்பை யாராவது தொடர்ந்து எடுத்துக்கொண்டால்தான் அந்தத் தீர்ப்புக்கு உயிர் இருக்கும்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. கடலோர வட்டாரங்களில் ஒவ்வொரு வேளாண் விரிவாக்க மையத்திலும் கையடக்க மின் கடத்துதிறன் மீட்டர் ஒன்று இருக்கட்டும். சித்திரையில் திட்டு வயலையும் நல்ல வயலையும் தனித்தனியாக அளக்கட்டும். போர்த் தண்ணீரையும் அளக்கட்டும். அளவு 4-ஐத் தாண்டிய வயலுக்கு உரப் பரிந்துரைக்கு முன் வடிகால் பரிந்துரை எழுதட்டும். அந்த வடிகாலைத் தூர்வாரும் வேலையை ஆவணி முடிவதற்குள் ஊரக வேலை உறுதித் திட்டத்திலோ நீர்வளத் துறையின் தூர்வாரும் பணியிலோ சேர்க்கட்டும். விவசாயிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பயிர் கருகியதும் உரக்கடைக்குப் போவதற்கு முன், கருகிய இடத்து மண்ணில் ஒரு பிடியும் கிணற்றுத் தண்ணீரில் ஒரு பாட்டிலும் எடுத்துக்கொண்டு மண் ஆய்வகத்துக்குப் போங்கள். அங்கே உப்பு எவ்வளவு என்று கேளுங்கள். எவ்வளவு உரம் என்ற கேள்வியை அதற்குப் பிறகு கேட்கலாம்.

- கட்டுரையாளர், மண்ணியல் ஆய்வாளர்.